நல் செக்: எங்கே போடுவது, போட்டபின் என்ன செய்வது

கேள்வி இதுதான்: ஜாவாவில் எழுதிய ஒரு பில்லிங் நிரல் அடிக்கடி நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன் கொடுத்து நின்றுவிடுகிறது (நல் என்றால் மதிப்பே இல்லாத நிலை; அதனிடம் எதையாவது கேட்டால் வரும் பிழை இது). பிழை வந்த வரிக்கெல்லாம் முன்னால் ஒரு இஃப் சேர்த்தாகிவிட்டது. இப்போது நிரல் நிற்பதில்லை. ஆனால் சில வாடிக்கையாளர்களுக்கு பில் போய்ச் சேரவில்லை, லாகிலும் எதுவும் இல்லை. நல் செக்கைப் பாதுகாப்பாக எழுதுவது எப்படி?

நீங்கள் சேர்த்த இஃப்கள் அத்தனையும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்கின்றன. நல் வந்ததை அவை கண்டுபிடித்துவிட்டன. கண்டுபிடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை. 'பில் != நல்' என்று கேட்டு, உள்ளே மின்னஞ்சல் அனுப்பும் வரியை வைத்து, எல்ஸ் இல்லாமல் மூடினால், பில் இல்லாதபோது ஒன்றும் செய்யாதே, யாரிடமும் சொல்லாதே என்று கணினிக்குக் கட்டளையிட்டதாகிறது. முன்பு நிரல் நின்றபோது, எந்த வரியில் கோளாறு என்ற தகவலாவது கையில் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இந்த நிலை பழைய நிலையைவிட மோசமானது என்றே நான் சொல்வேன்.

ஆகவே ஒரு செக் எழுதும் முன் ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்: இந்த இடத்தில் இந்த மதிப்பு இல்லாமல் இருப்பது இயல்பா, இல்லை வேறெங்கோ நடந்த கோளாறின் அடையாளமா? ஓர் ஆர்டரில் 'டெலிவரி ஆன தேதி' இல்லாமல் இருக்கலாம். இன்னும் டெலிவரி ஆகவில்லை, அவ்வளவுதான். அதே ஆர்டரில் 'வாடிக்கையாளர்' இல்லாமல் இருக்க முடியாது. வாங்குபவர் இல்லாத ஆர்டர் என்று ஒன்று கிடையாது. முதலாவதற்கு நல் செக் வேண்டும், அதன் எல்ஸ் பகுதியில் அர்த்தமுள்ள ஒரு செயலும் வேண்டும்: 'இன்னும் அனுப்பப்படவில்லை' என்று காட்டுவது போல. இரண்டாவதற்கு இஃப் போட்டுத் தாண்டிப் போவது தவறு. அங்கே நிரல் உடனே, உரக்கப் புகார் சொல்ல வேண்டும்.

உடனே என்பது முக்கியம். வாடிக்கையாளர் நல் ஆக ஓர் ஆர்டர் உருவாகிறது. அது இரண்டு மூன்று ஃபங்ஷன் வழியாகப் பயணம் செய்து, பில் அச்சிடும் இடத்தில் வாடிக்கையாளரின் பெயரைக் கேட்கும்போது விழுகிறது. பிழைச் செய்தி அச்சிடும் வரியைக் காட்டும். நீங்கள் அங்கே போய் இஃப் போடுவீர்கள். உண்மையான தப்பு, ஆர்டரை உருவாக்கிய இடத்தில் அப்படியே இருக்கும். ஜாவா 7 வந்தபோது, 2011-இல், ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸில் ரெக்வயர்-நான்-நல் என்ற சிறிய ஃபங்ஷன் சேர்க்கப்பட்டது. ஆர்டரை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரிலேயே வாடிக்கையாளரை அதன் வழியாக அனுப்பிவிட்டால், நல் உள்ளே நுழையும் கணத்திலேயே எக்ஸெப்ஷன் வரும். எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று பிழையோடு வரும் பட்டியலான ஸ்டாக் ட்ரேஸ், அதை அனுப்பிய இடத்தை நேரடியாகக் காட்டும். இரண்டாவது அளவுருவாக ஒரு செய்தியும் கொடுக்கலாம், கொடுங்கள்.

செய்தி பற்றிப் பேசும்போது ஒன்று: பழைய ஜாவாவில், ஒரே வரியில் ஆர்டர்.வாடிக்கையாளர்.முகவரி.நகரம் என்று தொடராக எழுதினால், அதில் எது நல் என்று கண்டுபிடிக்க முடியாது, வரி எண் மட்டும்தான் வரும். 2020-இல் வந்த ஜாவா 14 இதற்குத் தீர்வு கொண்டுவந்தது. எந்தத் துண்டு நல் என்று செய்தியிலேயே சொல்லும். 14-இல் அதை நாமே இயக்க வேண்டும், 15 முதல் தானாகவே இயங்கும். பழைய பதிப்பிலேயே இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே மேலே நகரலாம்.

இந்தத் தொல்லைக்கு வயது அதிகம். கணினி விஞ்ஞானி டோனி ஹோர் 1965-இல் ஆல்கால் டபிள்யூ என்ற நிரல் மொழியை வடிவமைக்கும்போது நல் ரெஃபரன்ஸைச் சேர்த்தார். 2009-இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் அதைத் தனது நூறு கோடி டாலர் தவறு என்று அவரே சொன்னார். செயல்படுத்துவது அவ்வளவு எளிதாக இருந்ததால் சேர்க்காமல் இருக்க முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அந்த எளிமைதான் இன்றும் நம்மை இழுக்கிறது. ஒரு ஃபங்ஷனில் என்ன திருப்புவது என்று தெரியாதபோது 'ரிட்டர்ன் நல்' என்று எழுத ஒரு நொடி போதும். அதன் விளைவை அதை அழைப்பவர்கள் எல்லோரும் சுமக்கிறார்கள்.

சரி, செக் எங்கே போடுவது? வெளியிலிருந்து தரவு நுழையும் எல்லையில். ஜேசன் வடிவில் வரும் தரவு, டேட்டாபேஸ், படிவம், கான்ஃபிக் ஃபைல், வேறொருவர் எழுதிய லைப்ரரி, இவையெல்லாம் எல்லைகள். அங்கே வருவதை நம்பவே கூடாது. எல்லையில் ஒருமுறை முழுமையாகச் சோதித்து, நல் இருக்கவே முடியாத ஓர் ஆப்ஜெக்டாக மாற்றி உள்ளே அனுப்பினால், உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களில் செக்கே தேவைப்படாது. உள்ளே ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் பங்குக்கு ஒரு செக் வைத்திருந்தால், படிப்பவருக்கு ஒரு சந்தேகம் வரும்: இங்கே உண்மையிலேயே நல் வருமா, எழுதியவர் பயத்தில் எழுதினாரா? பதில் தெரியாததால் அவரும் இன்னொரு செக்கைச் சேர்ப்பார். நிரல் இப்படித்தான் வீங்குகிறது.

எல்லையைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஜூன் 12 அன்று கூகுள் கிளவுடில் நடந்ததைச் சொல்லலாம். நிறுவனமே வெளியிட்ட அறிக்கையில் காரணம் இருக்கிறது. சர்வீஸ் கன்ட்ரோல் என்ற பகுதியில் மே 29 அன்று புதிய நிரல் சேர்க்கப்பட்டது. அதில் தகுந்த பிழை கையாளுதல் இல்லை. அப்போது ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அந்தப் பாதை ஓடவே இல்லை. ஜூன் 12 அன்று சில புலங்கள் காலியாக இருந்த ஒரு பாலிசி தரவு நுழைந்தது, அந்தப் பாதை முதன்முறையாக ஓடியது, நல் பாயிண்டரில் மோதியது. புரோகிராம் விழுந்து, எழுந்து, மறுபடி அதே தரவைப் படித்து விழுந்துகொண்டே இருந்தது. அந்தத் தரவு சில நொடிகளில் உலகம் முழுவதும் நகலாகிவிட்டதால் எல்லா இடத்திலும் இதே கதை.

இதில் கவனிக்க வேண்டியது, உரக்கப் புகார் சொல்வது என்றால் மொத்த புரோகிராமும் விழ வேண்டும் என்று பொருள் இல்லை. மோசமான ஒரு பதிவு வந்தால் அந்தப் பதிவை மட்டும் நிராகரித்து, காரணத்தை லாகில் எழுதி, அலாரம் அடித்து, மற்ற பதிவுகளைத் தொடர வேண்டும். எல்லையில் செக் போட்டால்தான் இது சாத்தியம். நடுக்காட்டில் விழுந்தால் எதை நிராகரிப்பது என்றே தெரியாது.

திருப்பி அனுப்பும் பக்கத்திலும் சில பழக்கங்கள் உதவும். பட்டியல் திருப்பும் ஃபங்ஷன், ஒன்றும் கிடைக்காதபோது காலிப் பட்டியலைத் திருப்பட்டும். அழைப்பவர் அப்படியே லூப் ஓட்டலாம், பூஜ்யம் முறை ஓடி முடியும், செக் வேண்டாம். ஒற்றை மதிப்பைத் திருப்பும்போது, அது இல்லாமல் போகலாம் என்றால் ஜாவா 8-இல், 2014-இல் வந்த ஆப்ஷனல் நல்ல வழி; மதிப்பு இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம் என்ற ஒரு பெட்டி போன்றது அது. ஃபங்ஷனின் அறிவிப்பு வரியிலேயே 'இல்லாமலும் இருக்கலாம்' என்பது தெரிந்துவிடும். ஆனால் அதை ரிட்டர்ன் வகையாக மட்டும் பயன்படுத்துங்கள்; புலமாகவும் அளவுருவாகவும் போட்டால் குழப்பம்தான் கூடும், அதற்காக அது வடிவமைக்கப்படவும் இல்லை. உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் கெட் அழைத்தால் அதுவும் எக்ஸெப்ஷன் தரும், பெயர் மட்டும் வேறு. காலியாக இருந்தால் மாற்று மதிப்பு தரும் ஆர்-எல்ஸ் என்பதற்குள் ஃபங்ஷன் அழைப்பை வைத்தால் மதிப்பு இருந்தாலும் அந்த அழைப்பு ஓடிவிடும். மாற்று மதிப்பைத் தேட டேட்டாபேஸுக்குப் போக வேண்டுமென்றால், தேவைப்படும்போது மட்டும் ஓடும் ஆர்-எல்ஸ்-கெட் பயன்படுத்துங்கள். அப்புறம், ஆப்ஷனல் திருப்புவதாகச் சொல்லிவிட்டு நல் திருப்பும் ஃபங்ஷனை எங்கே பார்த்தாலும் அன்றே திருத்திவிடுங்கள்.

ஜாவாவில் கண்ணுக்குத் தெரியாத சில குழிகள் உண்டு. இன்டீஜர் வகை ஆப்ஜெக்டை (எண்ணைச் சுற்றிய ஆப்ஜெக்ட், நல் ஆகலாம்) நல் ஆக முடியாத சாதாரண இன்ட் மாறியில் போடும்போது, அது நல் என்றால் அந்த வரியிலேயே விழும். வரியில் புள்ளியே இருக்காது, அதனால் கண் தவறவிடும். மேப்பில் கெட் செய்து நல் வந்தால், அந்தச் சாவி இல்லை என்றும் இருக்கலாம், சாவி இருந்து அதன் மதிப்பு நல் என்றும் இருக்கலாம். வேறுபாடு முக்கியம் என்றால் கன்டெய்ன்ஸ்-கீ கேட்க வேண்டும். இரண்டு மாறிகளை ஒப்பிட ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸின் ஈக்வல்ஸ் இருக்கிறது, இரு பக்கமும் நல் ஆனாலும் விழாது. இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கும்போது செக் இடப்பக்கம், பயன்பாடு வலப்பக்கம், நடுவில் &&. ஒற்றை & போட்டால் இடப்பக்கம் பொய்யானாலும் வலப்பக்கம் கணக்கிடப்பட்டு, செக் இருந்தும் விழும்.

மற்ற மொழிகளில் எழுதுபவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அங்கே மாட்டிக்கொள்ளும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்டில் இல்லாமைக்கு நல், அன்டிஃபைன்ட் என்று இரண்டு வடிவங்கள். 'மதிப்பு == நல்' என்று இரட்டைச் சமக்குறி போட்டால் இரண்டையும் ஒரே செக்கில் பிடிக்கலாம்; மூன்று சமக்குறி போட்டால் நல் மட்டும்தான் சிக்கும். எப்போதும் மூன்று போட வேண்டும் என்ற பொது விதிக்கு இது ஒன்றுதான் நியாயமான விலக்கு. டைப்-ஆஃப் வைத்து ஆப்ஜெக்டா என்று பார்ப்பது போதாது, ஏனென்றால் நல்-இன் டைப்பையும் அது 'ஆப்ஜெக்ட்' என்றே சொல்லும். 1995-இல் மொழியின் முதல் வடிவத்திலிருந்து தொடரும் கோளாறு அது. இனி திருத்தினால் பழைய தளங்கள் உடையும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை, 'இருக்கிறதா' என்ற கேள்வியையும் 'உண்மையா' என்ற கேள்வியையும் ஒன்றாக நினைப்பது. தள்ளுபடி இல்லையென்றால் பத்து என்ற எண்ணத்தில் தள்ளுபடி || 10 என்று எழுதினால், தள்ளுபடி பூஜ்யம் என்று ஒருவர் வேண்டுமென்றே கொடுத்தாலும் பத்தாகிவிடும். பூஜ்யம், காலி எழுத்துச்சரம், பொய் ஆகிய மூன்றும் முறையான மதிப்புகள். 2020 பதிப்பில் வந்த ?? குறி நல், அன்டிஃபைன்ட் இரண்டுக்கு மட்டும் மாற்று மதிப்பு தரும். பழைய || வரிகளைத் தேடிப் பார்த்து மாற்றுவது நல்ல முதலீடு. பைத்தானிலும் இதே கதை. 'இஃப் நேரம்' என்று எழுதுவதும் 'இஃப் நேரம் இஸ் நாட் நன்' என்று எழுதுவதும் ஒன்றல்ல. பைத்தான் 3.5-க்கு முந்தைய பதிப்புகளில் டைம் ஆப்ஜெக்ட் நள்ளிரவைக் குறித்தால் அது பொய்யாகக் கருதப்பட்டது! நேரம் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கும் நிரல், நள்ளிரவு 12 மணிக்கு மட்டும் 'கொடுக்கவில்லை' என்று சொல்லும். மொழியை உருவாக்கியவர்களே பிறகு அதைத் திருத்தினார்கள். நன் என்பதோடு ஒப்பிடும்போது சமக்குறி வேண்டாம், இஸ் போடுங்கள் என்று பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 சொல்வதையும் அப்படியே பின்பற்றுங்கள். ஈக்வாலிட்டியை ஒரு கிளாஸ் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம், இஸ்-ஐ மாற்ற முடியாது.

?. குறி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் நல் என்றால் விழாமல் அங்கேயே நின்று நல் தரும் குறி இது. சி ஷார்ப், கோட்லின், ஸ்விஃப்ட், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் இது இருக்கிறது, எல்லோரும் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள். ஆர்டர்?.வாடிக்கையாளர்?.முகவரி?.நகரம் என்ற வரி விழாது. ஆனால் முடிவு நல் என்று வந்தால், ஆர்டரே இல்லையா, வாடிக்கையாளர் இல்லையா, முகவரி இல்லையா என்று தெரியாது. மூன்றும் மூன்று வேறு பிரச்சினைகள். வாடிக்கையாளர் கட்டாயம், முகவரி மட்டும் விருப்பம் என்றால், கேள்விக்குறி முகவரிக்குப் பின்னால் மட்டும் இருக்கட்டும். அப்போது அந்த வரியே உங்கள் தரவின் விதியைச் சொல்லும். ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும்: சி ஷார்ப்பில் பட்டியல்?.கவுன்ட் > 0 என்பது பட்டியல் நல் ஆனால் பொய், பட்டியல்?.கவுன்ட் <= 0 என்பதும் பொய். இஃப்-எல்ஸின் இரண்டு கிளைகளை இந்த இரண்டு நிபந்தனைகளாகப் பிரித்து எழுதினால், இரண்டிலும் நுழையாமல் நழுவிவிடும்.

டேட்டாபேஸில் விதி முற்றிலும் வேறு. எஸ்கியூஎல் நல் என்பது 'தெரியாது' என்ற மூன்றாவது விடை. தெரியாததும் தெரியாததும் சமமா என்று கேட்டால் அதற்கும் பதில் தெரியாது, ஆகவே '= நல்' எந்த வரிசையையும் தராது; 'இஸ் நல்' எழுத வேண்டும். இது பலருக்குத் தெரியும். 'நாட் இன்' செய்வது பலருக்குத் தெரிவதில்லை. பில் அனுப்பப்பட்ட வாடிக்கையாளர் எண்களின் பட்டியலில் இல்லாதவர்களை எடு என்று நாட் இன் எழுதி, உள் வினவலில் ஒரே ஒரு எண் நல் ஆக இருந்தால், விடை காலி. பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லோருக்கும் பில் போய்விட்டது என்று நம்பிவிடுவோம். நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் நிரலில் பில் போகாத ஆட்கள் இருப்பதால், இப்படி ஒரு வினவல் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.

சி மொழியில் செக்கின் வரிசை உயிர்நாடி. 2009-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 'டன்' என்ற மெய்நிகர் நெட்வொர்க் டிரைவரில், பாயிண்டர் வழியாக ஒரு புலத்தை முதலில் படித்துவிட்டு, அதற்குப் பிறகே அந்தப் பாயிண்டர் நல் தானா என்று கேட்டிருந்தார்கள். நல் பாயிண்டர் வழியாகப் படிப்பது சி-யில் வரையறுக்கப்படாத செயல். ஆகவே மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலர் இப்படி யோசித்தது: ஏற்கெனவே படித்தாகிவிட்டது, அப்படியென்றால் இது நல் ஆக இருக்க முடியாது, செக் தேவையில்லை. அந்த செக்கை நீக்கியே விட்டது. மூல நிரலில் செக் இருக்கிறது, ஓடும் நிரலில் இல்லை. தாக்குபவர் பூஜ்ய முகவரியில் தன் தரவை வைத்து, கெர்னலின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழியாகிவிட்டது. அதற்குப் பிறகு, நல் செக்குகளை நீக்காதே என்ற கட்டளையோடுதான் கெர்னல் கம்பைல் செய்யப்படுகிறது. பயன்படுத்தும் முன்னால்தான் சோதனை, ஒரு வரி பின்னால் கூட இல்லை.

பல த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் பல வேலைகள், ஓடும் நிரலில் முன்னால் சோதிப்பதும் போதாது. ஒரு புலத்தை இஃப்-இல் சோதித்து, அடுத்த வரியில் மறுபடி அதே புலத்தைப் படித்தால், இடையில் இன்னொரு த்ரெட் அதை நல் ஆக்கியிருக்கலாம். புலத்தை ஒரு உள்ளூர் மாறியில் நகலெடுத்து, அந்த மாறியைச் சோதித்து, அந்த மாறியையே பயன்படுத்துங்கள். கோட்லினில் மாறக்கூடிய புலத்தைச் சோதித்த பிறகும் கம்பைலர் அடம்பிடித்து மறுப்பது இதற்காகத்தான். பலர் அங்கே எரிச்சலில் 'இது நல் இல்லை, நம்பு' என்று சொல்லும் !! குறியைப் போட்டுவிடுகிறார்கள், கம்பைலர் சொன்னது சரி, அதைக் கேளுங்கள்.

கம்பைலரிடம் இந்த வேலையைக் கொடுப்பதுதான் நீண்ட காலத்துக்கு உருப்படியான வழி. ரஸ்டின் சாதாரண ரெஃபரன்ஸுகளில் நல் என்பதே கிடையாது, ஆப்ஷன் மட்டும்தான். கோட்லினும் ஸ்விஃப்டும் ஆரம்பத்திலிருந்தே நல் வரக்கூடிய வகையையும் வராத வகையையும் பிரித்துவைத்தன. டைப்ஸ்கிரிப்ட் 2016-இலும், சி ஷார்ப் 2019-இலும், டார்ட் 2021-இலும் அந்தப் பக்கம் வந்தன. ஆனால் டைப்ஸ்கிரிப்டின் வகைகள் நிரல் ஓடும்போது இருப்பதில்லை. சர்வரிலிருந்து வந்த ஜேசனைப் பார்த்து 'இது பயனர் வகை' என்று நீங்கள் எழுதிக்கொடுத்தால் அது நம்பிவிடும், சோதிக்காது. கோட்லினில் ஜாவா லைப்ரரியிலிருந்து வரும் மதிப்புகளுக்கும் உத்தரவாதம் இல்லை. எல்லையில் உங்கள் கையால் சோதிப்பது எந்த மொழியிலும் போகாது.

இப்போது கையில் இருக்கும் நிரலுக்கு வருவோம். சேர்த்த இஃப்களை உடனே அழிக்க வேண்டாம். எல்ஸ் இல்லாத ஒவ்வொன்றிலும் ஒரு எல்ஸ் சேர்த்து, எந்த மதிப்பு இல்லை, எந்த ஆர்டர் எண் என்று லாகில் ஒரு எச்சரிக்கை மட்டும் எழுதுங்கள். ஒரு பில்லிங் சுற்று முழுவதும் ஓடட்டும். எச்சரிக்கை வந்த இடங்களில், அந்த நல் எங்கிருந்து புறப்பட்டது என்று பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் ஒரு சில ஊற்றுகளில் போய் முடியும்: டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசை, ஒரு மேப் கெட், ஒரு 'ரிட்டர்ன் நல்'. அவற்றைத் திருத்துங்கள். எச்சரிக்கையே வராத இடங்களில், அந்த மதிப்பு கட்டாயம் என்று உறுதியானால், இஃப்-ஐ எடுத்துவிட்டு ரெக்வயர்-நான்-நல் வைக்கலாம்.

அதன்பின் நல் வரலாம், வராது என்பதை நிரலுக்குள் எழுதும் அனோட்டேஷன் என்ற குறிகளாகக் குறித்து, கம்பைல் செய்யும்போதே சோதிக்கும் நல்-அவே போன்ற கருவியைச் சேருங்கள். இந்தக் குறிகளுக்கான பொதுத் தரமாக ஜேஸ்பெசிஃபை 1.0 2024-இல் வெளிவந்துவிட்டது, ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் மொத்த நிரலுக்கும் இயக்கினால் எச்சரிக்கை மழையில் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள். வேறு எதையும் சாராத தரவு கிளாஸ்கள் உள்ள பேக்கேஜில் ஆரம்பித்து, அவற்றைப் பயன்படுத்தும் அடுக்குகளுக்கு ஒவ்வொன்றாக ஏறுங்கள். டேட்டாபேஸில் கட்டாய நெடுவரிசைகளுக்கு நாட் நல் கட்டுப்பாடும் போடுங்கள். போடும் முன் ஏற்கெனவே நல் ஆக இருக்கும் வரிசைகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரியான மதிப்பைக் கண்டுபிடித்து நிரப்புங்கள். அங்கே அவசரப்பட்டு எல்லாவற்றிலும் பூஜ்யத்தையோ காலிச் சரத்தையோ நிரப்பிவிட்டால், இல்லாதது எது, உண்மையிலேயே பூஜ்யமாக இருந்தது எது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.